பிறந்த நட்சத்திரத்தை ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் இரண்டு கேள்வி கேட்பார். பெயர் என்ன? நட்சத்திரம் என்ன? மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும் டோம்பிவிலியானாலும் தமிழர் யாரும் இதற்குத் தயங்குவதில்லை. தமக்கு ரோகிணி, மனைவிக்கு மகம், மூத்தவனுக்குச் சித்திரை, சின்னவளுக்குத் திருவோணம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அந்த ரோகிணி வானத்தில் எங்கே இருக்கிறது, அது என்ன நிறம், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். வாயால் சொல்லத் தெரிந்த நட்சத்திரம், கண்ணால் பார்க்கத் தெரியாத நட்சத்திரமாக இருக்கிறது.

இதில் முழுக் குற்றம் அவர்களுடையது அல்ல. ஊரில் களத்துமேட்டில் படுத்தவர்களுக்கும் கட்டுமரத்தில் போனவர்களுக்கும் ஆறாமீனும் விடிவெள்ளியும் கடிகாரமாக இருந்தன. தாராவியில் ஒரே அறையில் குடியிருப்பவனுக்கும் ஆன்டாப்ஹில் குடியிருப்பின் நான்காம் மாடிக்காரனுக்கும் வானம் என்பது இரண்டு கட்டடங்களுக்கு இடையே தெரியும் ஒரு துண்டு. அந்தத் துண்டையும் தெருவிளக்கும் புகையும் வெளுக்க வைத்துவிட்டன. மொட்டை மாடிக்குப் போனாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்களே தெரிகின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பால்வழியைப் பாடப் புத்தகத்துப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஆண்டில் ஒரு முறை, ஒரே ஓர் இரவு, கொங்கண் கடற்கரையில் விளக்கில்லாத ஓர் இடத்துக்குக் குடும்பத்தோடு போய் வானத்தைப் பார்ப்பதுதான் அது. பெரிய பணக்காரர் செய்யும் காரியம் என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், கண் போதும். ஆனால் ஒன்று வேண்டும். அது தயாரிப்பு. தயாரிப்பில்லாமல் போகிற கூட்டம் பாட்டுப் பெட்டியும் பாட்டிலுமாகத் திரும்பும். சில வேளைகளில் எண்ணிக்கை குறைந்தும் திரும்பும். தயாரிப்போடு போகிற குடும்பம் ஆயுளுக்கும் மறவாத ஒன்றைக் கண்டு திரும்பும்.

பாடம் சுவரிலேயே தொங்குகிறது

வானம் பார்க்கும் பயிற்சியைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, மும்பையிலேயே தொடங்கிவிடலாம். அதற்கான புத்தகம் ஒவ்வொரு தமிழர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே திதியும் நட்சத்திரமும் அச்சிட்டிருக்கும். "இன்று ரோகிணி" என்றால் என்ன பொருள்? அன்று சந்திரன் ரோகிணி நட்சத்திரத்தின் வட்டாரத்தில் நிற்கிறது என்று பொருள். சந்திரன் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகிறது. நாளுக்கு ஒரு வீடு என்ற கணக்கில்தான் 27 நட்சத்திரங்கள் வந்தன. குழந்தை பிறந்த நேரத்தில் சந்திரன் எந்த வீட்டில் இருந்ததோ, அதுவே அதன் நட்சத்திரம். சோதிடத்தை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இந்தக் கணக்கு பொது.

ஆகவே தை, மாசி மாதங்களில், காலண்டர் ரோகிணி என்று சொல்லும் நாளில் மாலையில் மாடிக்குப் போய்ச் சந்திரனைப் பார்த்தால், அருகில் சற்றே சிவந்த நட்சத்திரம் ஒன்று தெரியும். அதுவே ரோகிணி. மகம் என்று சொல்லும் நாளிலும் அப்படியே. மாசி மகம் என்பது வேறென்ன? மாசியில் நிறைநிலா மக நட்சத்திரத்தின் பக்கம் வந்து நிற்பதுதான். தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை எல்லாமே இப்படி வானத்தைப் பார்த்து வைத்த நாட்கள். முன்னோர் பார்த்து வைத்தார்கள்; பின்னோர் பார்க்காமலே கொண்டாடுகிறார்கள்.

ஒர்லியில் 1977-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நேரு கோளரங்கம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம், ஐயமில்லை. ஆயினும் அங்கே தெரிவது கூரையில் விழும் ஒளிப்புள்ளி. சமையல் குறிப்பைப் படிப்பது சாப்பிடுவது ஆகாது. கர்ஜத் பாதையில் வாங்கணிக்கு மும்பை வானியல் ஆர்வலர்கள் நெடுங்காலமாகப் போய்வருகிறார்கள். அதுவும் நல்ல இடமே. ஆனால் தெற்கே தாழ்ந்து நிற்கும் நட்சத்திரங்களைக் காண மலையும் மரமும் மறைக்காத வெளி வேண்டும். அதைக் கடற்கரைதான் தரும்.

எப்போது, எங்கே?

மழைக்காலம் இதற்கு ஆகாது. நவம்பர் முதல் மார்ச் வரை கொங்கணத்து வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நிலா இருக்கக் கூடாது. ஆகவே அமாவாசையை ஒட்டிய இரவே ஏற்றது. விடுமுறைக்கு எங்கே போவது என்று கம்பெனித் தொழிலாளியும் அலுவலகக் குமாஸ்தாவும் கவலைப்பட வேண்டாம். வாரத்துக்கு ஏழு நாள்தானே? எந்த அமாவாசைக்கும் மூன்று நாள் முன்னோ பின்னோ ஒரு சனிக்கிழமை வந்தே தீரும். அந்தச் சனிக்கிழமை இரவில் நிலா விடியற்காலையில் மெலிதாக எழும். அல்லது முன்னிரவிலேயே மறைந்துவிடும். மாசி மாதத்து அமாவாசையை ஒட்டிய இரவு எல்லாவற்றிலும் சிறந்தது. சிவராத்திரிக்குக் கண்விழிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் இரவு விழிப்பது புதிதும் அல்ல.

இடம் என்று பார்த்தால், ராய்காட் மாவட்டத்து ஸ்ரீவர்தன் வட்டாரம் மும்பைக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. திவேயாகரில் நீண்ட மணற்பரப்பு உண்டு. கொங்கண் ரயில் பாதையில் மாண்காவ் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ போகலாம். எப்படிப் போனாலும் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காரணம், இரவில் எங்கே உட்காருவது என்பதைப் பகலில்தான் முடிவு செய்ய முடியும். இருட்டிய பிறகு புதுக் கடற்கரையில் இடம் தேடுவது அறிவீனம்.

ஊர்க் கடல் வேறு, இந்தக் கடல் வேறு

தமிழர் குறிப்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயம் இது. மும்பைத் தமிழரில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்தார் ஏராளம். திருச்செந்தூர்க் கடலில் குளித்து வளர்ந்தவர்கள், கடல் தமக்குத் தெரியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தமிழ்நாட்டுக் கரையில் கடல் ஏறி இறங்குவது பெரிய நாட்களிலும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். மும்பையை ஒட்டிய கரையிலோ அமாவாசை, பௌர்ணமி நாட்களில் 4 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. இரண்டு ஆள் உயரத்துக்கும் அதிகம்! வற்றும்போது வெகுதூரம் மணலைக் காட்டிவிட்டு, ஏறும்போது அந்த மணல் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கரையில் அமாவாசையன்று கடல் உச்சத்துக்கு ஏறும் நேரம் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வருகிறது. பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதாவது, நட்சத்திரம் பார்க்கச் சிறந்த இரவே கடல் மிகுதியாக ஏறும் இரவு. எல்லோரும் மணலில் படுத்து அண்ணாந்திருக்கும் நேரமே அது கரைக்கு வரும் நேரம். மாலை ஆறு மணிக்குக் கடல் எட்டத்தில் இருக்கிறதே என்று ஈர மணலில் பாய் விரித்தவர்கள் நடு இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும்.

தற்காப்பு எளிது. மும்பைத் துறைமுகத்துக்கான ஏற்ற இறக்க நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியிலும் அது கிடைக்கிறது. கரையில் காய்ந்த பாசியும் குச்சியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பகலிலேயே பார்த்து, அதற்கும் மேலே நன்றாகத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். இரவில் யாரும், எந்தக் காரணத்துக்காகவும், தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது. 2016 பிப்ரவரி 1-ஆம் தேதி இதே மாவட்டத்தின் முருட் கடற்கரையில், புனேயிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் பத்துக்கு மேற்பட்டோர் மூழ்கி இறந்தார்கள். அது பட்டப்பகலில் நடந்தது. இரவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஊராரிடம் சொல்லிவிட்டு

1993-ஆம் ஆண்டு மும்பைக் குண்டுவெடிப்புக்கான வெடிமருந்து வந்து இறங்கியது இதே ஸ்ரீவர்தன் வட்டாரத்துக் கரையில், சேகாடியில்தான். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்களும் கடல் வழியாகவே வந்தார்கள். இந்தக் கரையில் வாழ்கிறவர்கள் இரவில் வந்து உட்காரும் அந்நியரைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேற்று மொழி பேசும் இருபது பேர் விளக்கில்லாமல் கடற்கரையில் கிடந்தால் யாருக்குத்தான் ஐயம் வராது?

ஆகவே கிராமத்துச் சர்பஞ்சிடமும் போலீஸ் பாட்டீலிடமும் நேரில் சொல்ல வேண்டும். காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. குழுவில் மராத்தி நன்றாகப் பேசுகிறவர் ஒருவராவது இருக்க வேண்டும். இங்கேயே படித்த பிள்ளைகள் இந்த வேலையைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள். கரையை ஒட்டிய வீடுகளில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கழிவறைக்கும் ஓய்வுக்கும் வசதி. வீட்டுக்காரரிடம் சொன்னால் கடல் பக்கத்து விளக்கையும் அணைத்துக் கொடுப்பார்.

விளக்கை அணைப்பதில் மற்றொரு புண்ணியமும் உண்டு. தமிழ்நாட்டு மீனவர் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆமை, குளிர்கால மாதங்களில் இந்தக் கொங்கண் மணலிலும் முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. கரையில் விளக்கு எரிந்தால் கடலை விட்டு விளக்கைத் தேடிப் போய்ச் சாகும். வானம் பார்க்கிறவனுக்கு எது இடைஞ்சலோ, ஆமைக்கும் அதுவே எமன்.

மூட்டையில் என்ன?

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு விநாடி கைபேசித் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் குலைந்துவிடும். பிறகு மறுபடியும் காத்திருக்க வேண்டும். ஆகவே கைபேசிகளை ஒரு பையில் போட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால், வழியும் தெரியும், கண்ணும் கெடாது.

பின்னிரவில் பனி இறங்கும். கீழே விரிக்கத் தார்ப்பாய், மேலே பாய், போர்த்தப் போர்வை, காதை மூடக் குல்லாய், கொசுவுக்குத் தைலம், குடிக்கத் தண்ணீர், முதலுதவிப் பெட்டி இவை கட்டாயம். புளியோதரையும் இட்லி மிளகாய்ப் பொடியும் இரவுக்குத் தாங்கும். தேநீருக்கு பிளாஸ்க் வேண்டும். சவுக்குத் தோப்புக்குள் படுக்க வேண்டாம். அங்கே பூச்சி பொட்டு உண்டு, வானமும் மறையும். குப்பையைக் கட்டிக்கொண்டு வர ஒரு சாக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். மதுப் பாட்டிலுக்கு இந்த மூட்டையில் இடம் இல்லை.

இரவு முழுவதும் ஊர்வலம்

மாசி அமாவாசை இரவில் எட்டு மணிக்கு மேல் இருட்டு முற்றிவிடும். அப்போது மேற்கே அசுவினியும் பரணியும், அவற்றுக்கு மேலே கார்த்திகைக் கொத்தும் ரோகிணியும் நிற்கும். கார்த்திகையில் எத்தனை எண்ண முடிகிறது என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கலாம். அநேகர் ஆறு என்பார்கள். ஆறாமீன் என்ற பெயர் சும்மா வரவில்லை. உச்சிக்கருகே செம்மையாக ஒளிர்வது திருவாதிரை. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது வழக்கத்தைவிட மங்கி, உலகமே அண்ணாந்து பார்த்தது. அதற்குத் தெற்கே எல்லாவற்றையும் விடப் பிரகாசமாக மின்னுவது சிரியஸ். அதன் ஒளி புறப்பட்டு இங்கே வந்து சேர எட்டரை ஆண்டு ஆகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை பார்க்கும் அந்த ஒளி, அது பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது.

கிழக்கே மகமும் பூரமும் ஏறிவரும். பதினொரு மணிக்கு வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் எழுந்துவிடும். அதில் வசிஷ்டரை ஒட்டி மங்கலாக ஒரு சிறு நட்சத்திரம் தெரியும். அதுதான் அருந்ததி. கல்யாண மண்டபத்தில் பகல் பதினோரு மணிக்குக் கூரையையும் மின்விசிறியையும் பார்த்து "தெரிகிறது" என்று தலையாட்டிய தம்பதிகள், இங்கே உண்மையாகவே பார்த்துக்கொள்ளலாம். நள்ளிரவுக்குப் பிறகு சித்திரையும் சுவாதியும், பின்னிரவில் விசாகமும் அனுஷமும் சிவந்த கேட்டையும், விடியலுக்கு முன் மூலமும் திருவோணமும் வரும். 27 நட்சத்திரங்களில் 20-க்கு மேற்பட்டவை ஒரே இரவில் வரிசையாக நடந்து போகும். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதிக்காரர்கள் வருந்த வேண்டாம். மாசியில் அவை சூரியனை ஒட்டிய பக்கம் இருப்பதால் சரியாகத் தெரியா. கார்த்திகை மாதத்து முன்னிரவில் தெரியும்.

ஒரு முஷ்டி தூரம்

இத்தனைக்கும் மேலாக, ஊரை விட்டு வந்தவன் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. இரவு ஒன்பதரை மணி அளவில் நேர் தெற்கே, தாழ்வாக, ஒரு பெரிய நட்சத்திரம் நிற்கும். அதுவே அகத்தியர். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. திருநெல்வேலிச் சீமையில் அகத்தியர் மிக உயர ஏறும்போது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய மூன்று முஷ்டி உயரத்தில் இருப்பார். கொங்கண் கரையில் இரண்டு முஷ்டிதான். வடக்கே திரும்பினால் துருவ நட்சத்திரம். ஊரில் ஒரு முஷ்டி உயரத்தில் நின்றது, இங்கே ஏறக்குறைய இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்கும்.

அகத்தியர் ஒரு முஷ்டி இறங்கியிருக்கிறார். துருவம் ஒரு முஷ்டி ஏறியிருக்கிறது. அந்த ஒரு முஷ்டிதான் தகப்பன் வேலை தேடி ரயிலேறி வந்த தூரம். வடக்கு தெற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். தாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்று பிள்ளைக்குச் சொல்ல எத்தனையோ தகப்பன்மாருக்கு வார்த்தை கிடைப்பதில்லை. வானம் அதை அளந்தே காட்டுகிறது. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் இரவு பதினொரு மணிக்கு அகத்தியரை முஷ்டியால் அளந்து குறித்துக்கொண்டு வந்தால், மாசியில் இங்கே பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். பூமி உருண்டை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேறு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

சங்கங்களுக்கு ஒரு வேலை

மும்பையில் தமிழர் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழா, பட்டிமன்றம், பரிசளிப்பு, பொன்னாடை எல்லாம் குறைவின்றி நடக்கின்றன. அவை நடக்கட்டும். ஆண்டுக்கு ஒரு மேடை, ஒரு வரவேற்பு வளைவு, ஒரு ஒலிபெருக்கி மிச்சப்படுத்தினால் ஒரு பஸ்ஸை அமர்த்திவிடலாம். வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடம் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளை இரவில் எப்படி அனுப்புவது என்று தயங்கும் தாய்மார்களையும் சேர்த்தே அழைத்துப் போனால் அந்தத் தயக்கத்துக்கு இடமிராது. ஊரில் மீன் பிடித்தவரும் இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சியவரும் பல வீடுகளில் ஓய்வில் இருக்கிறார்கள். நகரத்துக்கு வந்தபின் இந்தப் பெரியவர்களை எதைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. அன்று ஓர் இரவு அவர்களே ஆசிரியர்கள். அவர்கள் மறைந்த பிறகு இந்த அறிவைத் தேட எந்த நூலகத்துக்கும் போக முடியாது.

தமிழ் எழுத்து மறந்துவிடுமே என்று வகுப்பு நடத்துகிறார்கள், வாழ்த்துக்குரியது. வானத்து எழுத்தும் மறந்துகொண்டுதான் வருகிறது. அதற்குத் தேவைப்படும் பள்ளிக்கூடம் ஒரு தார்ப்பாய். தேவைப்படும் பாட நேரம் ஒரு சனிக்கிழமை இரவு. வரும் தை மாதத்துக் காலண்டரில் முதல் வேலையாக அமாவாசையைப் பார்த்து, பக்கத்துச் சனிக்கிழமையை வட்டமிட்டு வைக்கட்டும். கடல் ஏறும் நேரத்தையும் அதன் அருகிலேயே குறித்து வைக்கட்டும். அடுத்த முறை குருக்கள் நட்சத்திரம் கேட்கும்போது, சின்னவள் பெயரோடு திசையையும் சேர்த்துச் சொல்வாள்.